எரிவாயுவுக்கு மணம் உண்டா?

எரிவாயுவுக்கு மணம் உண்டா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் "உண்டு" என்போம். அடுப்பின் குமிழைத் திருகிவிட்டுத் தீக்குச்சி கிழிக்கச் சற்றுத் தாமதித்தால் மூக்கில் ஏறுகின்ற, அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த வாடையை அறியாதவர் யார்? ஆனால் விஞ்ஞானம் கூறுவது வேறு. சமையலுக்கு நாம் பயன்படுத்தும் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. இவற்றுக்கு நிறமும் இல்லை. நம் மூக்கு உணரும்படியான மணமும் இல்லை. நாம் முகர்வது ஈத்தைல் மெர்கேப்டன் என்ற வேறொரு பொருளை. அதை மிக மிகச் சிறிய அளவில் வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். கசிவு இருக்கிறது என்று நமக்குச் சொல்வதற்காகவே மனிதர் சேர்த்து வைத்த வாடை அது. அதை யார் சேர்க்கச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்ற கதையைப் பின்னர் கூறுவோம்.

இவ்வாண்டு நம் விடுதிச் சமையற்கூடத்திலிருந்து விறகடுப்புகள் விடைபெற்றன. ஒவ்வோர் அடுப்பின் பக்கத்திலும் ஒரு சிலிண்டரை நிறுத்தி, ரப்பர் டியூப் மாட்டிச் சமைத்துவந்த பழக்கமும் நின்றது. சிலிண்டர்களை வெளியே ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புகளுக்கு வாயுவைக் கொண்டுவரும் வேலை பதினோரு நாட்கள் நடந்தது. பத்தாம் வகுப்பு விஞ்ஞான மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர், மதர் அவர்களின் அனுமதி பெற்று, மாலை வேளைகளில் சற்றுத் தள்ளி நின்று அதைக் கவனித்தோம். ஃபிட்டர் அண்ணனும் எங்கள் கேள்விகளுக்குச் சலிக்காமல் விடை கூறினார். விடுதியில் 240 பேருக்கு மூன்று வேளையும் சமைக்கிறார்கள். அதிகாலை நாலரை மணிக்கு முதல் அடுப்பு எரிகிறது. சமையற்கூடத்துக்கு நேர் மேலேதான் ஆறு, ஏழாம் வகுப்புத் தங்கைகளின் படுக்கை அறை. எனவே இந்தப் பாடத்தை நாங்கள் வெறும் பரீட்சைக்காகப் படிக்கவில்லை என்பதைத் தோழியர் புரிந்துகொள்வீர்கள்.

முதலில் இந்த வாயுவின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். சிலிண்டருக்குள் அது அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. குலுக்கினால் 'களக் களக்' என்று கேட்பது அதனால்தான். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாயு கலந்தாலே தீப்பற்றப் போதும். ஒன்பது பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் தீப்பற்றாது. இந்த இரண்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. மேலும் இந்த வாயு காற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே புகையைப் போல மேலே எழுந்து சன்னல் வழியே போய்விடாது. தரையோடு தரையாகப் பரவும், பள்ளத்தில் தேங்கும், சாக்கடைக்குள் இறங்கி வேறோர் இடத்தில் தலைகாட்டும். "பாப்பா, தரையில தண்ணி கொட்டினா எங்க ஓடும்னு பாருங்க. இந்த கேஸும் அங்கதான் ஓடும்" என்றார் ஃபிட்டர் அண்ணன். பௌதிகப் புத்தகத்தில் அடர்த்தியைப் பற்றி இரண்டு பக்கம் படித்தபோது விளங்காத விஷயம் எங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கியது.

இனி, வாடை சேர்ந்த கதைக்கு வருவோம். அது நடந்த இடம் ஒரு பள்ளிக்கூடம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே நியூ லண்டன் என்ற சிற்றூர் உள்ளது. எண்ணெய் தந்த செல்வத்தால் 1930களில் அவ்வூர்ப் பள்ளி மிகவும் வசதியாகக் கட்டப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் வகுப்பறைகளைச் சூடாக்க இயற்கை எரிவாயுவால் எரியும் கணப்புகள் பல வைத்திருந்தனர். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செலவைக் குறைக்க எண்ணிய பள்ளி நிர்வாகம், விலை கொடுத்து வாங்கிவந்த வாயுவை நிறுத்தியது. எண்ணெய்க் கிணற்றில் வீணாக எரிக்கப்படும் கழிவு வாயு அருகிலேயே ஒரு குழாயில் போய்க்கொண்டிருந்தது. அதில் துளையிட்டு இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் பலரும் அப்படிச் செய்துவந்ததால் அது யாருக்கும் பெரிய தவறாகத் தோன்றவில்லை. அந்த வாயுவுக்கு வாடை இல்லை. எங்கோ ஓர் இணைப்பில் கசிந்து, தளத்துக்கு அடியில் இருந்த நீண்ட வெற்றிடத்தில் நாள்தோறும் சேர்ந்தது. மாணவர்கள் தலைவலி என்று சொன்னார்கள்; காரணம் யாருக்கும் தெரியவில்லை.

1937 மார்ச் 18, பிற்பகல் மூன்று மணி கடந்த நேரம். கீழ் வகுப்புக் குழந்தைகள் வீடு சென்றுவிட்டனர். அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கைத்தொழில் ஆசிரியர் மரத்தைத் தேய்க்கும் மின்கருவியின் சுவிட்சைப் போட்டார். அதில் எழுந்த சிறு பொறி போதுமானதாயிற்று. கட்டடமே மேலெழுந்து விழுந்தது என்று பார்த்தவர்கள் கூறினர். மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்த தந்தையர் ஓடிவந்து, இரவெல்லாம் மழையில் நனைந்தபடி இடிபாடுகளை அகற்றினார்கள்.

அவ்வாண்டே, எரிவாயுவில் கட்டாயம் வாடை கலக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. பின்னர் பிற இடங்களுக்கும் பரவியது. முறையாகப் பயின்று பதிவு பெற்றவர்கள்தாம் பொறியியல் தொழில் செய்யலாம் என்ற சட்டமும் அங்கே அதே ஆண்டில்தான் வந்தது. முதற் சட்டத்தைப் பற்றிப் பல புத்தகங்கள் எழுதுகின்றன. இரண்டாவதே பெரிது என்பது எங்கள் எண்ணம். வாடை, தவறு நடந்த பிறகு தெரிவிக்கிறது. வேலை தெரிந்த கை அத்தவறு நடக்க விடுவதில்லை அல்லவா?

வேலை தெரிந்த கை என்று சொன்னோம். அதற்கு மற்றோர் உதாரணம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடம் 1968இல் புதிதாகக் கட்டப்பட்டு, மக்கள் குடியேறி ஏறத்தாழ இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மே 16ஆம் நாள் விடியற்காலையில் பதினெட்டாம் மாடியில் ஓர் அம்மையார் தேநீர் போட எழுந்து, தீக்குச்சியைக் கிழித்தார். வெடித்தது. சுவர்ப் பலகைகள் பெயர்ந்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டுப் போல் சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். அந்த அம்மையார் உயிர் பிழைத்தார். விசாரணையில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுப்போடு வாயுக் குழாயை இணைத்திருந்த பித்தளை நட்டு தரத்தில் குறைந்தது. அது விரிசல் கண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிவிடக்கூடிய ஒரு நட்டு! கட்டடம் கட்டிய முறையிலும் பெரும் குறை இருந்தது என்பது வேறு பாடம். அதைப் பொறியியல் படிக்கப்போகும் அக்காமாரிடம் விட்டுவிடுவோம்.

அதன்பின் 1970இல் பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. 2009 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 'கேஸ் சேஃப்' பதிவேடு நடைமுறையில் உள்ளது. பதிவில்லாதவர் அங்கே கூலிக்கு ஓர் அடுப்பைக்கூட இணைக்க முடியாது, சட்டப்படி குற்றம். பதிவு பெற்றவர் கையில் ஓர் அட்டை இருக்கும். அதன் பின்புறத்தில் அவருக்கு எந்தெந்த வேலை தெரியும் என்று எழுதியிருக்கும். எங்களுக்கு வியப்பளித்த செய்தி யாதெனில், வீட்டு அடுப்புக்குத் தகுதி பெற்றவர் உணவுவிடுதிச் சமையற்கூடத்தைத் தொடக்கூடாது. அதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும்.

வீட்டு அடுப்பு வேறு, விடுதி அடுப்பு வேறா என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஃபிட்டர் அண்ணன் பதில் சொல்லாமல், அன்று இட்லிக் கொப்பரை எரிந்துகொண்டிருந்த பழைய சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது பனிக்கட்டி போல் குளிர்ந்திருந்தது. வெளியே வியர்த்தும் இருந்தது. ஏன்? திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இரண்டு சிறு அடுப்புகள் எரியும்போது இது தெரிவதில்லை. பெரிய பட்டி அடுப்புகள் நாலைந்து ஒரே சிலிண்டரிலிருந்து இழுத்தால், வெப்பம் வந்து சேர்வதைவிட வேகமாகத் திரவம் ஆவியாகிறது. சிலிண்டர் குளிர்கிறது; அழுத்தம் குறைகிறது; உள்ளே பாதித் திரவம் இருக்கும்போதே அடுப்பில் தீ சுணங்குகிறது.

கல்யாண வீடுகளில் இந்த நேரத்தில் நடப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். "கேஸ் தீரலை, உள்ளே இருக்கு" என்று சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள், குலுக்குவார்கள், கொதிக்கும் வெந்நீரை மேலே ஊற்றுவார்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவாய்க்கு வந்துவிடும். குழாயில் திரவம் போனால், முன்பே கூறிய 250 மடங்கு விரிவு அடுப்பின் வாயில் நடக்கும். தீ ஆளுயரம் எழும். கொதிநீரை ஊற்றினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு உயரும் என்பது ஊற்றுபவர் கையில் இல்லை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இந்தக் குளிர்ச்சிக்குச் சரியான மருந்து பல சிலிண்டர்களை ஒரு தலைக்குழாயில் சேர்த்து இணைப்பது. 'மேனிஃபோல்டு' என்று தொழிலில் சொல்கிறார்கள். ஒரே மாட்டை நாள் முழுதும் ஏரில் பூட்டாமல் இரண்டைப் பூட்டுவது போல, சுமை பகிரப்படுகிறது. நம் விடுதியில் இரண்டு சிலிண்டர்கள் ஒரு பக்கம், இரண்டு மறு பக்கம். ஒரு பக்கம் தீர்ந்தால் வால்வைத் திருப்பி மறு பக்கத்துக்கு மாறலாம், சமையல் நிற்காது. ஒவ்வொன்றின் இணைப்பிலும் ஒருவழி வால்வு உண்டு. ஒரு சிலிண்டரைக் கழற்றும்போது மற்றதிலிருந்து வாயு திரும்பி வெளியே வராமல் அது தடுக்கும். சிலிண்டரிலிருந்து வரும் மிகுந்த அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைத்து அனுப்புகிறது.

சிலிண்டர்களை எங்கே வைப்பது? வேலை தொடங்குமுன் பெரிய பேச்சு நடந்தது இதைப் பற்றித்தான். முதலில் வந்து பார்த்த ஒருவர், சமையற்கூடத்தை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையே போதும், குழாயும் குறைவாகும், செலவும் குறைவாகும் என்று கணக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தொகை நமக்கு இலகுவாகவே இருந்தது. இரண்டாவதாக வந்த ஃபிட்டர் அண்ணன் அவ்வறையைத் திறந்து பார்த்தார். பிறகு படிக்கட்டில் ஏறி மேலே எங்கே போகிறது என்று பார்த்தார். இறங்கி வந்து, "மதர், இந்த இடத்துல வைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க. நான் செய்ய மாட்டேன்" என்றார். மேலே தூங்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இறங்கிவர உள்ள வழி அந்தப் படி ஒன்றுதான். அதன் அடியில் எரிவாயுவை அடைத்துவைத்தால், தீ எழும் நாளில் வழியே தீயாகிவிடும். காற்றோட்டமும் அங்கே இல்லை. தரையும் வெளிமுற்றத்தைவிட ஓரடி பள்ளம்.

அவர் காட்டிய இடம் பின்முற்றம். அங்கே தனியாக ஒரு கொட்டகை கட்ட வேண்டும் என்றார். கம்பிவலைக் கதவு, கூரைக்குக் கீழே திறப்பு, தரையை ஒட்டியும் திறப்பு; கனமான வாயு வெளியேறுவது தரையை ஒட்டிய திறப்பின் வழியாகத்தான். முதலில் குறித்த மூலைக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் நீர் போகும் சாக்கடையின் மூடி இருந்ததால், கொட்டகையை இன்னும் தள்ளிப் போட்டார். குழாய் நீண்டது, செலவு கூடியது, இரண்டாம் பருவத்தில் வாங்குவதாக இருந்த மேசைகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு மதர் அவர்கள் ஒரு நாள் முழுதும் யோசித்ததாக வார்டன் சிஸ்டர் எங்களிடம் சொன்னார்கள். மறுநாள் காலை கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டும் சத்தம் எங்கள் வகுப்பறை வரை கேட்டது.

எத்தனை சிலிண்டர் வைக்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. நம் நாட்டில் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. உணவகம், விடுதி முதலியவற்றுக்கு 19 கிலோ, 47.5 கிலோ சிலிண்டர்கள் தனியாக உள்ளன. வீட்டுச் சிலிண்டரை வியாபாரச் சமையலுக்குப் பயன்படுத்துவது சட்ட விரோதம். 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளின்படி ஓரிடத்தில் 100 கிலோ வரை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். அதற்கு மேல் போனால் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். நாங்கள் உடனே பெருக்கிப் பார்த்தோம். 19ஐ ஐந்தால் பெருக்கினால் 95. ஆறாவது சிலிண்டர் வந்தால் 114. எனவே நம் கொட்டகையில் இணைப்பில் நான்கு, கைவசம் ஒன்று. விழாக் காலத்தில் "இன்னும் இரண்டு வாங்கிப் போட்டு வைப்போமே" என்று யாரேனும் சொன்னால் கணக்கு தெரிந்த மாணவியர் பதில் சொல்லலாம்.

குழாய் போடும் வேலையைப் பார்ப்பது எங்களுக்குத் தையல் வகுப்பை நினைவூட்டியது. அளவெடுப்பது நிதானமாக, வெட்டுவது ஒரே முறை. தடித்த எஃகுக் குழாயின் முனையில் மரை வெட்டும்போது எண்ணெய் விட்டு விட்டுத் திருப்பினார். பிறகு உள்ளே ஒட்டியிருந்த துருவலைத் தட்டி, ஊதித் துடைத்தார். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் ஒருநாள் அது வால்வின் வாயில் போய் உட்கார்ந்து மூடவிடாமல் செய்யுமாம். மரையில் சுற்றியது தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப் அல்ல; வாயுக் குழாய்க்கென வரும் தடித்த டேப். குழாயைச் சுவருக்குள் புதைக்கவில்லை; கண்ணுக்குத் தெரியும்படி கிளிப் அடித்து நிறுத்தி, மஞ்சள் வர்ணம் பூசினார்கள். சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மட்டும் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போட்டு அதனுள் செலுத்தினார்கள். மின்சார வயர் போகும் பக்கமே போகவில்லை. குறைந்த வளைவு, குறைந்த இணைப்பு என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கசிவுக்கு வாய்ப்பு என்பதே காரணம்.

வாயுவை விடுவதற்கு முன் சோதனை. நாங்கள் மிகவும் ஆவலோடு காத்திருந்த நாள் அது. எல்லா முனைகளையும் அடைத்துவிட்டு, வழக்கமாக வரும் அழுத்தத்தைவிட அதிகமாகக் காற்றை அடைத்து, ஒரு அழுத்தமானியை மாட்டினார். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இதை ஏன் உச்சி வெயிலில் செய்யாமல் காலையிலேயே தொடங்கினார் தெரியுமா? வெயிலில் குழாய் சூடாகி உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். சிறு கசிவினால் இறங்க வேண்டிய முள், இந்த ஏற்றத்தால் நின்ற இடத்திலேயே நின்று நம்மை ஏமாற்றிவிடும்! பிறகு சோப்புக் கரைசலைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவினார். மூன்றாம் அடுப்புக்குப் பிரியும் இடத்தில் குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. உதவிக்கு வந்த தம்பி, ஸ்பேனரால் இன்னும் ஒரு சுற்று இறுக்கப் போனார். அண்ணன் தடுத்தார். "இறுக்கினா இன்னிக்கு நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த இணைப்பை முழுவதும் பிரித்து, குழாய் முனையை வெட்டி எறிந்து, புதிதாக மரை வெட்டினார். அரை நாள் போயிற்று. கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு உடல் நடுங்கியது.

புதிய அடுப்புகளில் ஒரு சிறு அதிசயம் இருக்கிறது. பற்றவைத்த பிறகும் குமிழைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பர்னரின் பக்கத்தில் வெவ்வேறு உலோகங்களைச் சேர்த்த மெல்லிய முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடானால் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் ஒரு காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்து வைக்கும். சாம்பார் பொங்கித் தீ அணைந்தால் முனை குளிரும், மின்சாரம் நிற்கும், வால்வு தானே மூடிக்கொள்ளும். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்ட உண்மை, இருநூறு ஆண்டுகள் கழித்து நம் சாம்பார் அண்டாவுக்குக் காவல் நிற்கிறது. அவசரத்தில் குமிழை அழுத்திப் பிடிக்கச் சோம்பி, அந்த முனையைக் கம்பியால் கட்டிவைத்துச் செயலற்றதாக்கும் சமையற்கூடங்களும் உண்டாம். காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது.

தீயின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்து அண்டாவின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு வாடை இல்லை. யாரும் சேர்க்கவும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். மூடிய சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி தலை வலித்தால் அது வெயிலால் என்று தள்ளிவிடக்கூடாது. காற்றைப் போக்கும் விசிறி ஓடினாலன்றி அடுப்புக்கு வாயு வராதபடி பிரிட்டனில் உணவகங்களில் இணைப்புச் செய்கிறார்கள். நம் கூடத்தில் இரண்டு விசிறிகள் புதிதாக வந்துள்ளன. முதலில் விசிறி, பிறகு அடுப்பு என்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அதே விசிறி எமனாகவும் முடியும்! வாடை வரும்போது யாருக்கும் முதலில் தோன்றுவது விசிறியைப் போட்டு வாயுவை வெளியேற்றலாம் என்பதுதான். போடவே கூடாது. டெக்சாஸ் பள்ளியில் பொறி எழுந்தது சுவிட்சில் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அணைந்திருப்பதைப் போடவும் கூடாது. எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. தொலைபேசியையும் உள்ளே எடுக்கக்கூடாது. எரியும் அடுப்புகளை அணைத்து, வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு தள்ளி நின்று 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கென நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. தீ பிடித்துவிட்டால் 101. கசியும் இடத்தில் தீ எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் அந்தத் தீயை அணைக்க முயலக்கூடாது என்று ஃபிட்டர் அண்ணன் சொன்னது எங்களுக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. அணைத்தால் வாயு எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த பொறியில் மொத்தமாக வெடிக்கும். தெரிந்த பின்பு அது எவ்வளவு நியாயம்!

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுச் சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த மூன்று மாதம், அப்படியே சி, டி. டி 29 என்றிருந்தால் 2029 டிசம்பருக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். நாள் கடந்த சிலிண்டரை வாங்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிற டியூபை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலி கடித்த இடத்தில் துணி சுற்றிக் கட்டுவது வைத்தியம் ஆகாது.

வேலை முடிந்த நாளில் ஃபிட்டர் அண்ணன் சாவியை மதரிடம் கொடுத்தார். விளக்கத்தைச் சமையல் அம்மாவிடம் கொடுத்தார். நான்கு அடுப்புகளையும் அந்த அம்மாவைக் கொண்டே மூடச் செய்தார், திறக்கச் செய்தார், கண்ணை மூடிக்கொண்டு பிரதான வால்வைத் தேடச் செய்தார். "நான் கிளம்பிடுவேன் அம்மா, இந்தப் பைப்போட குடும்பம் நடத்தப்போறது நீங்கதான்" என்றார். விடியற்காலை இருட்டில் முதல் ஆளாக உள்ளே நுழைந்து மூக்கால் சோதிப்பவர் அவர்தானே! சளி பிடித்த நாளில் என்ன செய்வது என்று அவர் கேட்ட கேள்விக்கு ஃபிட்டர் அண்ணன் உட்பட ஒருவரிடமும் உடனே பதில் இல்லை. மறுவாரமே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கசிவைக் கண்டால் கூவும் கருவி ஒன்று சுவரில் பொருத்தப்பட்டது.

பிரதான வால்வு சமையற்கூடத்துக்கு வெளியே, கிணற்றடிப் பக்கச் சுவரில், நம் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. கைப்பிடி சிவப்பு. அது குழாயின் போக்கிலேயே நீண்டிருந்தால் வாயு திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஆறாம் வகுப்புத் தங்கையின் கைக்கும் இயலும், நாங்கள் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டோம். அதன் முன்னால் சைக்கிள் நிறுத்த வேண்டாம்.